பதினோரு மைக்கறை

"இவனுக்கெல்லாம் யார் வேலை குடுத்தது? பேனா பிடிக்கத் தெரியாதவனை ரிஜிஸ்டர் எழுத உட்கார வச்சிருக்காங்க!"

கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார் அவர். அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூடத் தேதிக்கு முன்னால் எழுத்துப்பிழையைத் தேடுகிற ரகம். இப்போது, வம்சாவளி தேடுகிறவர்களுக்கான ஓர் இணையதளத்துக்காக, பழைய பிறப்புப் பதிவேடுகளின் படங்களைப் பார்த்து டைப் அடித்துக் கொடுக்கிறார். சம்பளமில்லாத வேலை. கோபத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

"யாரைத் திட்டறீங்க?" துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இதை எழுதின குமாஸ்தாவை. ஒரே ரிஜிஸ்டர்ல பதினோரு இடத்துல மையைக் கொட்டி வச்சிருக்கான். 'கவனக்குறைவு, பதவி உயர்வு நிறுத்தம்'னு மேலதிகாரி ஓரத்துல எழுதியிருக்கார் பாரு. நல்லா வேணும்!"

"செத்துப்போனவரைத் திட்டி என்னங்க ஆகப்போகுது?"

"எனக்கு ஆக வேண்டியது இருக்கே! ஒரு அம்மா கேட்டு எழுதியிருக்காங்க. அவங்க அப்பாவுக்குத் தொண்ணூறு வயசு, படுத்த படுக்கை. தகப்பனார் யாருன்னு அவரைப் பெத்தவ கடைசிவரைக்கும் சொல்லலியாம். கண்ணை மூடறதுக்குள்ள அந்தப் பேரைத் தெரிஞ்சுக்கணுமாம். அவரோட வரியில, சரியா தகப்பன் பேர் கட்டத்துல, இந்தப் புண்ணியவான் கொட்டித் தொலைச்சிருக்கான்."

விடுகிற ஆளா அவர்? படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கினார். வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். கடைசியில், கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றுகிற பட்டனை அமுக்கினார். கறைக்கு அடியில் இருந்த எழுத்து தலைகாட்டியது.

அவர் அதைப் படித்தார். பிறகு அவசர அவசரமாக மற்ற பத்துக் கறைகளையும் அதேபோல் மாற்றிப் பார்த்தார்.

"பேர் கிடைச்சுதா?"

"பேரே இல்லை." அவர் திரையைக் காட்டினார். "'முறைகேடாய்ப் பிறந்தது'ன்னு எழுதியிருக்கு. பதினோரு இடத்துலயும் அதேதான். அப்பன் பேர் சொல்லாத குழந்தைன்னா அப்படித்தான் எழுதணும்னு அன்னிக்குச் சட்டம் போலிருக்கு. எழுதிட்டு, அதுமேலேயே மையைக் கொட்டியிருக்கார். பக்கத்துல குழந்தை பேரு, தாயார் பேரு, தேதி... எதுமேலயும் ஒரு சொட்டு தெறிக்கலே. என்ன கை அந்த மனுஷனுக்கு! என்ன மனசு!"

'கொட்டியிருக்கான்' இப்போது 'கொட்டியிருக்கார்' ஆகிவிட்டதை மனைவி கவனித்தாள். கேலி செய்யத் தோன்றவில்லை.

"சரி, அந்த அம்மாவுக்கு என்ன பதில் போடப் போறீங்க?"

அவர் அதே பட்டனை மறுபடி அமுக்கினார். கறை பழையபடி கறுப்பானது. கடகடவென்று நாலு வரி டைப் அடித்தார்.

"'உங்க தாத்தா பேர் இருக்கு. மை கொட்டினதால படிக்க முடியலே'ன்னு எழுதிட்டேன்."

"ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலே வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிற ஆளு, இப்படிப் பச்சையாப் பொய் எழுதலாமா?"

"தொண்ணூறு வருஷமா அந்தக் குமாஸ்தா காப்பாத்தின மானத்தை, நான் ஒரு பட்டனை அமுக்கி வாங்கணுமா?"