சிலோன் கூட்டம் பெருகுகிறது

பஞ்சாயத்துத் தலைவர் தங்கசாமி பத்திரிகையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, களத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"சிலோன் கூட்டம் பெருகுகிறது. திருச்செங்கோடு வட்டாரத்தில் உள்ளூர் மக்கள் பீதி."

உள்ளூர் மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்திரிகை வரும்வரை பீதி இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. இப்போது லேசாக இருந்தது.

செல்லமுத்து வேலியோரம் நின்றிருந்தான். துண்டு கக்கத்தில் இருந்தது. விடிந்ததும் வந்துவிட்டான். தலைவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றான். இதைப் படித்து முடித்துவிடுகிறேன், நில் என்று தங்கசாமி சொல்லியிருந்தார்.

அவனுடைய தாத்தா ராசிபுரத்துக்காரர். பஞ்ச காலத்தில் சிலோன் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று கப்பலேறிப் போனவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதில் பேரன் திரும்பி வந்தான். மனைவி சின்னாயியோடு அவனையும், அவனைப் போன்ற சில குடும்பங்களையும் ஊருக்கு மேற்கே புறம்போக்கில் குடிவைத்தார்கள். அதற்கு சிலோன் காலனி என்று பெயர் வந்தது.

அங்கே இருந்தவரை அவர்களை இந்தியாக்காரர்கள் என்று சொன்னார்கள்.

தங்கசாமி மேலே படித்தார்.

கறுத்த மேனியும் மிரண்ட பார்வையும் கொண்ட இவர்கள் பெற்றுப் பெருகி வருகிறார்கள் என்று எழுதியிருந்தது. குடிநீருக்கும் கூலி வேலைக்கும் ஆபத்து என்றும் எழுதியிருந்தது. வரியைத் தொட்டுத் தொட்டுப் போன அவருடைய விரல், அச்சு மையைவிட ஒரு சாயல்தான் வெளுப்பு.

"சாமி" என்றான் செல்லமுத்து.

தங்கசாமி கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

அதே பக்கத்தில், கீழே இன்னொரு செய்தி. புது ஆலை ஒன்றில் வேலை பார்க்க வடக்கேயிருந்து நானூறு குடும்பங்கள் வந்திறங்கியிருந்தன. அவர்கள் பெருகவில்லை. அவர்கள் வந்ததால் மாவட்டம் வளர்ந்திருந்தது. தங்கசாமி அதையும் படித்தார். கேட்டவர்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிலோன் செய்திக்கு மட்டும் படம் போட்டிருந்தார்கள். தலையும் குடமுமாக ஏகக் கூட்டம். அடியில், 'குவிந்துகொண்டே இருக்கும் வெளியாட்கள்.'

படம் கைக்குக் கை போயிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த சின்னண்ணன் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இத்தனை பேர் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பீதி இன்னும் கொஞ்சம் கூடிற்று.

தங்கசாமியின் மனைவி கண்ணாத்தாள் காப்பித் தூக்கோடு வந்தாள். டம்ளர்களை வைத்துவிட்டு, சின்னண்ணனின் தோளுக்கு மேலாகப் படத்தை எட்டிப் பார்த்தாள். போகாமல் அங்கேயே நின்றாள்.

"ஏனுங்க, இதுல முன்னால நிக்கறது நானுங்க. இது நம்ம பைப்படிங்க. போன வாரம் ஒருத்தரு வந்து புடிச்சுட்டுப் போனாரு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கண்ணாத்தாள்தான். அவளுக்குப் பின்னால் சின்னண்ணனின் மகள் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

பத்திரிகைக்காரர் முதலில் காலனிக்குத்தான் போயிருக்கிறார். எல்லோரையும் நெருக்கி நிற்க வைத்தும் பார்த்திருக்கிறார். படத்துக்கு வேண்டிய கூட்டம் அங்கே தேறவில்லை.

"படத்தை உடு. எழுத்து பொய் சொல்லுமா?" என்றார் தங்கசாமி.

அது எல்லோருக்கும் சரியென்று பட்டது. நாளை முதல் காலனிக்காரர்களை ஊர்க் குழாயில் விடுவதில்லை என்று பேச்சு வந்து நின்றது. ஆள் முன்னாலேயே நிற்கும்போது சொல்லிவிட்டால் தனியாகச் சொல்லியனுப்ப வேண்டியதில்லை.

தங்கசாமி வேலிப் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நேத்தைக்கு இன்னைக்கு எத்தனை கூடியிருக்குது உங்க பக்கம்?"

செல்லமுத்து துண்டைக் கக்கத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"ஒண்ணு குறைஞ்சிருக்குதுங்க சாமி. விடியக்காலம் எம்புள்ளை போயிருச்சுங்க. பொறந்து மாசங்கூட ஆகலீங்க. எங்களுக்குன்னு பொதைக்கற எடம் இன்னும் காட்டலீங்க. ஊர்ச் சுடுகாட்டு ஓரத்துல ரெண்டு முழம் குடுத்தாப் போதும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

காப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

தங்கசாமி பத்திரிகையை மடித்தார். மடித்ததை மறுபடியும் மடித்தார். இனி மடிக்க முடியாது என்று ஆனபோது அதை மடியில் வைத்துக்கொண்டு, சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

சின்னாயி ஏதாவது குடித்தாளா என்று கண்ணாத்தாள் கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. அவள் தூக்கை எடுத்துக்கொண்டு, கால் செருப்புகூடப் போடாமல், மேற்கே காலனியைப் பார்த்து நடந்தாள். சின்னண்ணன் வீட்டுக்குப் போய் மம்பட்டியோடு வந்தார். செல்லமுத்து கை நீட்டியும் கொடுக்கவில்லை. சுடுகாட்டு மூலையில், ஊஞ்ச மரத்தடியில், குழியை அவரே வெட்டினார். அதிக நேரம் ஆகவில்லை.

குழாயைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மறுநாள் சின்னாயியின் குடத்தைக் கண்ணாத்தாள் பிடித்துக் கொடுத்தாள். அதைப் பார்த்த பிறகு யாரும் பேசுவதாக இல்லை.

அடுத்த வாரம் பத்திரிகையில் நாலு வரியில் ஒரு செய்தி வந்தது. சிலோன் கூட்டத்தார் ஊர்ச் சுடுகாட்டிலும் இடம் பிடித்துவிட்டார்களாம்.

தங்கசாமி அதைச் சத்தம் போட்டுப் படிக்கவில்லை.

எவ்வளவு இடம் என்று அதில் போட்டிருக்கவில்லை.