ரேடியோவின் பொய்க் கரகரப்பு

உங்களைச் சிரிக்க வைக்கிறேன், ஆனால் அதற்கு முன் ஓர் அவசர வேலை. பக்கத்து ஊரில் என்னைப் போலவே ஒரு ரேடியோ ஊமையாகக் கிடக்கிறான். என்னைப் பழுதுபார்த்த முறையை எழுதி அனுப்பாவிட்டால் நாளை அவன் காயலான் கடைக்குப் போய்விடுவான். எழுதப் பென்சில் தயார். ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து என்னைச் சரிசெய்த சால்டரிங் அயர்ன்தான், "தொழில் ரகசியம்" என்று வாயை மூடிக்கொண்டது.

விடுவேனா? "கர்ர்ர்..." என்று பொய்யாகக் கரகரத்தேன். பிறகு செய்தி வாசிப்பவர் குரலில், "அயர்ன் அண்ணனின் வேலை படுதோல்வி!" என்றேன்.

"யாருடா சொன்னது? உப்பிப்போன கெப்பாசிட்டரைக் கழட்டிப் புதுசு வச்சேன்!"

"கர்ர்ர்... தலைகீழா வச்சிருப்பீங்க."

"கோடு போட்ட பக்கம் மைனஸ்லதான் இருக்கு, நல்லாப் பாரு!"

"கர்ர்ர்... எந்தக் கெப்பாசிட்டரோ?"

"ஸ்பீக்கர் ஒயர் பக்கத்துல இருக்கிறதுடா!"

என் கரகரப்பு சட்டென்று நின்றது. அயர்ன் திரும்பிப் பார்த்தது. பென்சில் கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

"அடப்பாவிகளா!"