பின்கதவு

எட்மண்டனில், மாடியிலுள்ள தையற்கூடத்தின் பதினொரு மெசின்களும் ஒரே நேரத்தில் ஓய்கின்றன. காலை வெயிலில் நூல்தூசி மிதக்கிறது. பூட்டிய பின்கதவின் முன்னால், கழுத்தில் அளவுநாடா தொங்க, சுவர்ணா நிற்கிறாள். யூனியன் வகுப்பில் நேற்றுக் கேட்டது அவளுக்குள் இன்னும் ஆறவில்லை. “துணி களவு போகுது அக்கா. அதுதான் பூட்டினனான்,” என்கிறான் முதலாளி துஷாந்தன். “தம்பி, 1911இலை நியூயோர்க்கிலை ஒரு தையல் ஃபாக்டரியிலையும் களவுக்குப் பயந்துதான் கதவைப் பூட்டினவை. நெருப்புப் பிடிச்சு நூற்றி நாற்பத்தாறு பேர் செத்தவை. அதுக்குப் பிறகுதான் அங்கை சட்டத்தை மாத்தினவை. இஞ்சை ஆரும் சாகமுதல் திறவுங்கோ.” அவள் குரல் உயரவில்லை. பின்னால் கதிரைகள் ஒவ்வொன்றாக நகரும் சத்தம் கேட்கிறது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிகிறது. துஷாந்தன் காற்சட்டைப் பையில் திறப்பைத் தேடி எடுக்கிறான். துருப்பிடித்த பூட்டு இரண்டாம் முறைதான் இளகுகிறது. குளிர்காற்று உள்ளே புகுந்து துண்டுத்துணிகளைத் தரையெங்கும் விரட்டுகிறது. சுவர்ணா வெளியே இரும்புப் படிகளில் இறங்கித் தெருவில் நின்று மேலே பார்க்கிறாள். “நெருப்பெண்டால் இந்த வழியாலை தப்பலாமோ எண்டு பாப்பம். எல்லாரும் ஒருக்கா இறங்கி வாங்கோ,” என்கிறாள். படிகள் அதிரப் பத்துப் பேரும் இறங்குகிறார்கள். கடைசியாக, கைப்பிடியைப் பற்றியபடி, துஷாந்தனும் இறங்கி வருகிறான்.