அடுத்தவன் படம்

“என் படத்து மேல எவன்டா கறுப்பு அடிச்சது?”

ஜோஸ்வா போட்ட சத்தத்தில், ஜெனரல் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் டீ டம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

மந்தாரக்குப்பத்தில் மூடிக் கிடக்கும் சினிமா கொட்டகையின் பக்கச் சுவர் அது. நிலக்கரிச் சுரங்கத்து ராட்சத எந்திரத்தை ஜோஸ்வா நாலு நாள் லீவு போட்டு அதில் ஸ்ப்ரேயில் வரைந்திருந்தான். இப்போது அதன் குறுக்கே, ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பட்டை. தொட்டால் விரலில் ஒட்டியது.

“இளவழகனைப் பார்த்தேன். விடியக்காலம் டப்பாவும் கையுமா நின்னுக்கினு இருந்தான்” என்றார் ஒருவர்.

எதிரே டீக்கடை போட்டிருக்கும் கலியம்மாள் மட்டும் தலை நிமிராமல் டம்ளர் கழுவினாள்.

ஊரில் இப்படிச் சுவரில் படம் போடுகிறவர்கள் ஐந்தாறு பேர்தான். சட்டதிட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். கேட்காமல் யார் வீட்டுச் சுவரையும் தொடக்கூடாது. அடுத்தவன் படத்து மேல் கை வைக்கவே கூடாது. வைத்தால், உன்னை நான் ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம்.

அதை இளவழகன் செய்துவிட்டான்.

கோபத்துக்கு அடியில் ஜோஸ்வாவுக்குச் சின்னதாக ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்ல மாட்டான்.

முத்தாண்டிக்குப்பத்திலிருந்து எட்டு மாதத்துக்கு முன்னால் வந்தவன் இளவழகன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் சிரிக்கிற மாதிரி வரைந்தான். அவ்வளவுதான், ஊரே அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது. வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் இதயமாகப் போட்டுத் தள்ளினார்கள். ஜோஸ்வா ‘ம்’ என்று மட்டும் போட்டான். அப்புறம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கண்ணில் ஈரப் பளபளப்பை எப்படிக் கொண்டு வந்தான் என்று போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிடிபடவில்லை.

இப்போது ஜோஸ்வா நேராக இளவழகன் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனான்.

“நீதானே அடிச்சே?”

“ஆமா.”

“ஏன்டா?”

“தப்புதான் ஜோஸ்வா. வேணும்னா நானே திரும்ப வரைஞ்சு தரேன்.”

சுருக்கென்றது ஜோஸ்வாவுக்கு. “என் படத்தை நீ வரைவியா? என்னைவிட நல்லா வரைவேன்னு காட்டணுமா?”

“அப்படிச் சொல்லலடா.”

“பொறாமைடா உனக்கு! இப்பவே போய் உன் படத்து மேல அடிக்கிறேன், பார்க்கிறியா?”

இளவழகன் தலையைக் குனிந்துகொண்டான். “அடிச்சுக்க. குரூப்புல யாரும் உன்னைக் கேட்காம நான் பார்த்துக்கிறேன்.”

அந்த நிதானம்தான் ஜோஸ்வாவை இன்னும் எரிய வைத்தது.

பஸ் ஸ்டாண்டில் வைத்து, பட்டப்பகலில், சிவப்பு ஸ்ப்ரேயை எடுத்தான். முதலில் அந்தக் கண்ணை அடித்தான். அப்புறம் சிரிப்பு. அப்புறம் ஹெல்மெட். நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

“அவன் பண்ணதுக்கு இது சரிதாண்டா” என்றான் கூடப் படம் போடும் தங்கராசு.

எட்டு மாதப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது ஜோஸ்வாவுக்கு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கலியம்மாள் வந்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருப்பாள் போல, மூச்சு வாங்கியது. சுவரைப் பார்த்தாள். அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“என்னக்கா?”

“அடப்பாவி, இப்படிப் பண்ணிட்டியே” என்றாள், குரலைத் தாழ்த்தி. “காத்தால நான் அடுப்புப் பத்த வைக்க வந்தப்போ, உன் படத்து மேல உங்க அக்கா ஏஞ்சலின் பேரைப் போட்டு எவனோ அசிங்க அசிங்கமா எழுதி வச்சிருந்தான். அவளுக்கு அடுத்த வாரம் கல்யாணம், மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பஸ்ஸு வேற அந்த வழியாத்தானே வரும்! அந்தப் பக்கமா வந்த இளவழகன்தான் பார்த்துட்டு ஓடிப் போய் டப்பா எடுத்துக்கினு வந்து மறைச்சான்.”

“என்கிட்ட... ஏன் சொல்லல?”

“சொல்லக்கூடாதுன்னு என்கிட்டயே சத்தியம் வாங்கினான்ப்பா. ‘தெரிஞ்சா எவன் எழுதினான்னு தேடிக்கினு போய் வெட்டுக்குத்து ஆயிடும், கல்யாணம் நின்னுடும், அதுக்குப் பதிலா அவன் என்னையே திட்டிட்டுப் போகட்டும்க்கா’ன்னான்.”