ஒரு ஸ்டார் மாப்பிள்ளை

"அஞ்சுக்கு ரெண்டே கால் மார்க். இதை வெச்சுக்கிட்டு எப்படித் தம்பி என் பொண்ணைக் குடுக்கிறது?"

சவுரிமுத்து தன் செல்போனை, பெண் பார்க்க வந்திருந்த எட்மண்டின் பக்கம் திருப்பினார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வரன் என்று வந்தால் பங்குச் சாமியாரிடம் விசாரிப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். பையன் வேலையை விட்டுவிட்டுத் தனியாக வீடியோ கேம் செய்கிறான் என்று தெரிந்ததும், அந்த கேம் விற்கிற இணையதளத்திலும் போய் விசாரித்துவிட்டார்.

"அது இன்னும் முடியல சார். பாதிதான் செஞ்சிருக்கேன். இப்பவே விளையாடிப் பார்த்து ஆளுங்க குறை சொன்னா திருத்திக்கலாம்னு விட்டிருக்கேன்."

"சும்மாவா விட்டீங்க?"

"இல்ல சார்... நூத்தி இருபது ரூபா."

"அப்போ மார்க் போடத்தான் செய்வாங்க."

செம்பாக்கம் ஏரிப் பக்கம் இருந்த அந்த வீட்டு ஹாலில் யாரும் கேக்கையும் மிக்சரையும் தொடவில்லை. எட்மண்டின் அம்மா மெட்டில்டா முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தார். மகன் வேலையை விட்டதிலிருந்து மூன்று இடம் கை நழுவிப் போயிருந்தது. இந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவன் வேறு எந்தப் போட்டோவையும் பார்க்க மாட்டேன் என்கிறான். இதுவும் போனால் அவனைத் தேற்ற முடியாது.

"கறார் கந்தசாமின்னு ஒருத்தர் எழுதியிருக்கார், கேளுங்க." சவுரிமுத்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "'பஸ் ஓட்டும் கேமாம். பெருங்களத்தூர் தாண்டினால் ரோடே இல்லை, பஸ் அந்தரத்தில் தொங்குகிறது. பயணிகளுக்குக் கால் இல்லை. ஆனால் மீதிச் சில்லறையை மட்டும் மறக்காமல் கேட்கிறார்கள். ஒரு ஸ்டார். அதுவும் ஹார்ன் சத்தத்துக்காக.'"

"கட்டிக்கிட்டிருக்கிற வீட்டுக்குள்ள வந்து கதவு எங்கேன்னு கேட்டா எப்படிண்ணா?" மெட்டில்டாவால் பொறுக்க முடியவில்லை.

"வாடகை வாங்கிக் குடி வெச்சாச்சேம்மா. கேக்கத்தானே செய்வாங்க?"

"அவர் எழுதினது சரிதான்ப்பா." காபித் தட்டோடு வந்த ஜீவிதா சொன்னாள். "நாளைக்கு வரப்போறதுக்கு இன்னைக்கே ஸ்டார் போட முடியுமா? கையில இருக்கிறதுக்குத்தான் போடணும்."

போச்சுடா! கல்யாணப் பெண்ணே இப்படிச் சொன்னால் அப்புறம் என்ன இருக்கிறது? எட்மண்டின் முகம் வாடிவிட்டது. சவுரிமுத்துவுக்கோ பெருமை தாங்கவில்லை.

"வாத்தியார் பொண்ணாச்சே!" என்றார்.

"நானும் தப்புன்னு சொல்லல சார்," என்றான் எட்மண்ட். "கந்தசாமி சார் இதுவரைக்கும் நாப்பத்தியொரு குறை எழுதி அனுப்பியிருக்கார். முப்பத்தெட்டைச் சரி பண்ணிட்டேன். ஸ்டாரை ஏத்துங்கன்னு ஒருநாளும் அவரைக் கேட்டதில்ல. அரைப் பரீட்சையில ஃபெயிலான பையனுக்கு நீங்க பாஸ் மார்க் போட மாட்டீங்க. ஆனா ஸ்கூலை விட்டும் அனுப்ப மாட்டீங்க இல்ல?"

சவுரிமுத்து காபியை ஆற்றினார். பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் விட மனசில்லை.

"அஞ்சு ஸ்டார் போட்டிருக்கிறவங்க எல்லாம் யாரு?"

"என் ஃப்ரெண்ட்ஸ் சார். பொத்தேரியில ஒண்ணாப் படிச்சவங்க. ஒருத்தனும் பத்து நிமிஷம்கூட விளையாடல."

மெட்டில்டா தலையில் கை வைத்துக்கொண்டார். இதைச் சொல்லாவிட்டால்தான் என்ன?

"அப்போ அந்தக் கந்தசாமி ஒருத்தர்தான் உண்மை பேசுற ஆள்," என்றார் சவுரிமுத்து. "மத்த யார் சொல்றதையும் நான் நம்பறதா இல்ல. இந்தத் தம்பி நல்லவர்னு அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், இன்னைக்கே நிச்சயத்துக்குத் தேதி பார்த்துடலாம்."

"முன்னபின்ன பார்க்காத மனுஷன்கிட்ட என் கல்யாணத்தைப் பத்தி எப்படி சார் கேக்கிறது?"

"மெசேஜ் போடுங்க தம்பி. நான் காத்திருக்கேன்."

வேறு வழியில்லை. 'மன்னிக்கணும் சார், என்னை நம்பிப் பொண்ணு குடுக்கலாமான்னு உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க' என்று கூச்சத்தோடு அடித்து, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான் எட்மண்ட்.

டிவி பக்கத்தில் சார்ஜில் கிடந்த ஜீவிதாவின் போன் 'டிங்' என்றது.

"ஆள் நல்லவர்தான்ப்பா," என்றாள் அவள், போனை எடுத்துப் பார்க்காமலேயே. "ஒரு ஸ்டார் கேமுக்கு மட்டும்தான்."