கடைசிச் சுவர்

"மேடம், நாலாவது மாடிக்கு வந்துட்டோம். ஒரே புகை. எந்தப் பக்கம் போறது?"

போனில் தீயணைப்பு அதிகாரி கத்தினார். அந்த அலுவலகக் கட்டடத்தை ஒரு ஆணி விடாமல் கம்ப்யூட்டர் மாடலாகச் செய்து வைத்திருந்தவள், லேப்டாப்பில் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"வலது பக்கச் சுவரைத் தடவிக்கிட்டே போங்க சார். மூணாவது கதவு. ஜன்னல் இருக்கற ரூம் அது ஒண்ணுதான், எல்லாரும் அங்கதான் ஒதுங்கியிருப்பாங்க."

இருந்தார்கள். அத்தனை பேரையும் ஏணியில் இறக்கினார்கள்.

"அடுத்து சர்வர் ரூம். அங்க அணைச்சாத்தான் வராண்டாவில மேல போக முடியும். தண்ணி அடிச்சிடாதீங்க. வாசல்ல சிவப்புக் கைப்பிடி இருக்கும், இழுங்க. கேஸ் பரவித் தீயை அணைச்சிடும்."

அணைந்தது.

"வீட்ல உட்கார்ந்துக்கிட்டே எங்களுக்குக் கண்ணா இருந்தீங்க மேடம்! நாங்க இறங்கறோம், இனி தாங்காது."

"ஒரே ஒரு வேலை சார். வராண்டா கடைசியில வெறும் சுவர் இருக்கா? பிளான்ல அது சுவர்தான். ஆனா பழைய வாசலை மறைச்சுப் பலகை அடிச்சிருக்காங்க. மாடல்ல அதையும் போட்டிருக்கேன். உடைங்க."

"சுவரை உடைக்கற நேரமா மேடம் இது?"

"ப்ளீஸ் சார். கொஞ்சம் மெதுவா உடைங்க."

பலகை பிளந்தது. இடுக்கில் லேப்டாப் வெளிச்சம். போனைக் காதில் வைத்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். அறைக்கு இருந்த ஒரே கதவுக்கு வெளியே தீ. கதவின் அடியில் அப்போதுதான் புகை நுழையத் தொடங்கியிருந்தது.

அதிகாரி கை நீட்டி அவளை வெளியே இழுத்தார். "ஏம்மா... முதல்லயே சொல்லக் கூடாதா?"

"இங்க புகை வர நேரமாகும்னு மாடல் காட்டுச்சு சார். அவங்களுக்கு அந்த நேரம் இல்லையே."