அசல் அம்மன்

"சித்தப்பா, திரையை எப்பத் திறப்பீங்க? வெளிச்சம் போயிடும் லா!"

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேணி மறுபடியும் கேட்டாள். கொளஞ்சி காதில் விழாதவர் மாதிரி, கருவறைக்கு எதிரே கிடந்த பாயை உதறி விரித்தார். ஏழு தலைமுறைப் பங்காளி உறவைத் தோண்டித் துருவி, வேணிக்குத் தான் சித்தப்பா முறை என்று காலையிலேயே முடிவு கட்டிவிட்டவர் அவர்.

"உக்காரு தாயி. மலேசியாலேருந்து வந்த புள்ள, ஒரு வாய் பானகம் குடிக்காம அப்படி என்ன அவசரம்?"

வேணிக்குச் சிரிப்பு வந்தது. செந்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. பூட்டன் விட்டுப்போன ஊர். வழியெல்லாம் முந்திரித் தோப்பு, வெளுத்த மண், மண்ணைக் கிளறினால் கிளிஞ்சல். கடலே இல்லாத ஊரில் கிளிஞ்சலா என்று கேட்டதற்கு, "முன்ன ஒரு காலத்துல இங்கதான் கடல் இருந்துச்சாம்" என்று கொளஞ்சி, பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துவிட்டுப் போனதைச் சொல்வதுபோலச் சொன்னார். அப்படியானால் பூட்டன் இந்த முந்திரித் தோப்பிலேயே கப்பல் ஏறியிருக்கலாமே என்று வேணி நினைத்துக்கொண்டாள். எல்லாமே கனவு மாதிரி இருந்தது. யாராவது எழுப்பிவிடுவார்களோ என்று பயமாகக்கூட இருந்தது.

ஆனால் வந்த காரியம் ஒன்று இருக்கிறதே!

"அப்பாவுக்கு வர்ற வாரம் ஹார்ட் ஆப்பரேஷன், சித்தப்பா. அதுக்கு முன்னாடி ஊரு அம்மனைப் படத்துலயாவது பாத்துடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு."

"ஏம்மா, உங்களுக்குத்தான் அங்கயே செல்லியம்மன் இருக்காளே?" என்றாள் கொளஞ்சியின் மனைவி சிந்தாமணி.

"இருக்கா சித்தி. பூட்டன் இங்கேருந்து பிடிமண் எடுத்துட்டுப் போயி ரப்பர்த் தோட்டத்துல வச்சதுதான். அப்பாதான் தினம் விளக்கு ஏத்துறாரு. ஆனா, நம்மகிட்ட இருக்குறது நகல்தான், அசல் ஊர்ல இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த மண்ணு அப்படியே இருக்கா? யாரும் கலைக்கலயே?" என்றார் கொளஞ்சி.

"சுத்தி சிமென்ட் பூசியிருக்கோம். உள்ள அதே மண்ணுதான்."

"போட்டோ வச்சிருக்கியா தாயி?"

வேணி போனை நீட்டினாள். தகரக் கூரைக்கு அடியில் ஒரு மண்மேடு, சூலம், எலுமிச்சம்பழம். சிந்தாமணி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அங்கே உட்கார்ந்திருந்த பங்காளிகள் ஒவ்வொருவராகக் கை துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் விசும்பவே ஆரம்பித்துவிட்டார். நகலுக்கே இவ்வளவு மரியாதையா, எவ்வளவு பெரிய மனசு இவர்களுக்கு என்று வேணி உருகிப்போனாள்.

எங்கோ தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. கொளஞ்சி எழுந்தார். இனியும் தள்ளிப்போட முடியாது என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டுத் திரையை விலக்கினார்.

வேணி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். அப்படியே கீழே இறக்கினாள்.

உள்ளே பளபளவென்று ஒரு கருங்கல் பீடம். அதன்மேல் ஒன்றுமே இல்லை.

"சித்தப்பா... அம்மன் எங்க?"

"இது பழைய கோயிலு இல்ல தாயி. அந்த நெலத்தைச் சுண்ணாம்புக்கல்லுச் சுரங்கத்துக்கு வித்துட்டோம். வந்த பணத்துல இதைக் கட்டுனோம். அவளுக்குச் சிலை கெடையாது, மண்ணுதான். அங்கேருந்து பிடிமண் எடுத்தாந்து இங்க வைக்கணும். மார்கழில வேண்டாம், தை பொறக்கட்டும், நல்ல நாளா எடுப்போம்னு ஊரே கூடிப் பேசுனோம்." கொளஞ்சி வெடிச்சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினார். "தை பொறக்கறதுக்குள்ள மிஷின் எறங்கிடுச்சு. இப்பக் கேட்டுச்சே வெடி, அங்கதான் நம்ம கோயிலு இருந்துச்சு. இப்பப் பெரும் பள்ளந்தான் கெடக்குது."

வேணிக்கு அழுகை முட்டியது. இத்தனை தூரம் வந்ததும் வீண். அங்கே கண் கொட்டாமல் காத்திருக்கும் அப்பாவிடம் எதைக் காட்டுவது?

அப்போதுதான் அவள் கவனித்தாள். பங்காளிகள் அத்தனை பேரும் எழுந்து அவளைப் பார்த்துக் கைகூப்பி நின்றார்கள். சிந்தாமணி ஒரு புது மஞ்சள் துணியை நனைத்துப் பிழிந்து, மடித்து, அவள் கையில் வைத்தாள்.

"இனிமே அசல் உங்கப்பாகிட்டதான் இருக்கா தாயி," என்றார் கொளஞ்சி. "அவருகிட்டச் சொல்லி, எங்களுக்கு ஒரு பிடி மண்ணு வாங்கிக் குடு."